தாவிய சங்கிலி: எங்கள் படகின் விண்ட்லசுக்குச் சங்கிலியும் கயிறும் தேர்ந்த அனுபவம்

மலேசியாவின் லங்காவித் தீவுக்குத் தெற்கே டாயாங் புந்திங் தீவின் மறைவில், விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது, நங்கூரச் சங்கிலியை மோட்டாரால் ஏற்றி இறக்கும் எங்கள் படகின் விண்ட்லஸ் சங்கிலியைத் துப்பியது. துப்பியது என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். பொத்தானை அழுத்தினேன், இரண்டு மீட்டர் சங்கிலி ஒழுங்காக மேலே வந்தது. 'டங்' என்று ஒரு கண்ணி தாவியது. மறுபடியும் ஒரு மீட்டர், மறுபடியும் 'டங்'. மூன்றாம் தடவை சக்கரத்தில் ஒரு கண்ணிகூட உட்காரவில்லை. ஏற்றியது அத்தனையும், அதற்கு மேல் பத்து மீட்டரும், தீப்பொறி பறக்காத குறையாகக் கடலுக்குள் ஓடின. சங்கிலியைக் கையால் பிடித்து நேராக்கலாம் என்று மச்சான் அப்போதுதான் குனிந்திருந்தார். நான் போட்ட கூச்சலில் கையை இழுத்துக்கொண்டார். விரல்கள் பத்தும் இன்றைக்கும் இருக்கின்றன.

அவசரத்துக்குக் காரணம் மேற்கே வெட்டிய மின்னல். மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் பின்னிரவில், சுமத்ரா தீவுப் பக்கமிருந்து புயல்மழை வரிசையாக எழுந்து வரும். கடலோடிகள் அதற்குச் 'சுமத்ரா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அடிக்கும். காற்றின் வேகம் 40 நாட்டை, அதாவது மணிக்குச் சுமார் 74 கி.மீ.யை, தொடுவது அதிசயமில்லை. காற்று திரும்பினால் எங்களுக்குப் பின்னால் பாறைக் கரை. இடம் மாற நினைத்தோம், முடியவில்லை. மிச்சச் சங்கிலி முழுவதையும் விட்டுவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, மழையில் நனைந்துகொண்டு காத்திருந்தோம். நல்ல சேற்றுத் தரை, நங்கூரம் பிடித்துக்கொண்டது. காலையில் கையால் இழுத்தோம். எட்டு மீட்டர் ஆழத்தில் தொங்கும் சங்கிலியும் 16 கிலோ நங்கூரமும் அதில் அப்பிய சேறும் சேர்ந்து இடுப்பை எப்படிப் பதம் பார்க்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

படகைப் பற்றி ஒரு வரி. 34 அடிப் பாய்மரப் படகு, எடை ஐந்தரை டன், 1980களில் கட்டியது, நானும் மச்சானும் பங்கு போட்டு வாங்கியது. இருவரும் சுங்கை பட்டாணியில் வேலை செய்கிறோம். வார இறுதியில் கோல கெடாவில் பெர்ரி ஏறி லங்காவியின் குவா போய்ச் சேருவோம். சங்கிலி தாவியது அந்தப் பருவத்தின் இரண்டாவது பயணத்தில். அதற்கு முன்னால்தான் பழைய சங்கிலி துருப்பிடித்துவிட்டது என்று 40 மீட்டர் புதிய சங்கிலி வாங்கிப் போட்டிருந்தோம். பழையதும் 10 மி.மீ., புதியதும் 10 மி.மீ. ஆகவே சங்கிலியைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. பழையது விண்ட்லசில் ஒரு நாளும் தாவியதில்லை என்பதை நாங்கள் கவனித்திருக்க வேண்டும். கவனிக்காததோடு, அதை அளந்துகூடப் பார்க்காமல் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டோம். அந்தப் புத்திசாலித்தனம் என்னுடையது.

ஒரு சனிக்கிழமை முழுவதும் விண்ட்லசின் கிளட்சோடு மல்லுக்கட்டினேன். இறுக்கினேன், கழற்றினேன், கிரீஸ் மாற்றினேன். ஒன்றும் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் எதிரில் உட்கார்ந்து, "சங்கிலியைக் கையால் சக்கரத்தின் மேல் போட்டுப் பாருங்கள் மாப்பிள்ளை" என்றார். போட்டேன். விஷயம் அங்கேயே கண்ணுக்குத் தெரிந்தது.

விண்ட்லசில் சங்கிலி ஏறும் சக்கரத்துக்கு ஜிப்சி என்று பெயர். அதன் விளிம்பைச் சுற்றிக் குழிகள் இருக்கும். சங்கிலியில் ஒரு கண்ணி படுக்கை, அடுத்தது நிமிர்வு, மறுபடி படுக்கை என்று மாறி மாறி வரும் அல்லவா? படுத்த கண்ணி ஒவ்வொன்றும் ஒரு குழிக்குள் உட்கார வேண்டும்; நிமிர்ந்த கண்ணி நடுவில் உள்ள பள்ளத்தில் ஓடும். நான் முதல் படுக்கைக் கண்ணியைக் குழியில் அழுத்தி வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்த படுக்கைக் கண்ணி தன் குழியின் தோளில் உரசிக்கொண்டு நின்றது. மூன்றாவது, குழிகளுக்கு நடுவே உள்ள மேட்டின் மீதே ஏறி, வேலியில் காக்கை உட்காருவதுபோல உட்கார்ந்தது. பாரம் ஏறியவுடன் அந்த மூன்றாவது கண்ணி நழுவி விழும். அதுதான் 'டங்'.

வெர்னியர் காலிப்பரை எடுத்தேன். கம்பித் தடிமன் 10 மி.மீ.தான். பொய்யில்லை. ஆனால் விண்ட்லசுக்கு வேண்டியது தடிமன் மட்டுமில்லை. ஒரு கண்ணியின் உள்நீளமும்தான். ஒரு கண்ணியை மட்டும் அளந்தால் துத்தநாகப் பூச்சின் மேடுபள்ளம் ஏமாற்றும். பத்துக் கண்ணிகளை விறைப்பாக இழுத்து வைத்து, முதல் கண்ணியின் உள்விளிம்பிலிருந்து பத்தாவதன் எதிர் உள்விளிம்பு வரை அளந்து, பத்தால் வகுக்க வேண்டும். எனக்கு 281 மி.மீ. வந்தது. அப்படியென்றால் ஒரு கண்ணி 28. பிறகு ஜிப்சியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த உப்பையும் பச்சைக் களிம்பையும் கம்பித் தூரிகையால் தேய்த்தபோது, அழிந்துபோன எழுத்துகளுக்கு நடுவில் சர்வதேசத் தர அளவைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. என்ற மூன்று எழுத்து தெரிந்தது. அந்தச் சக்கரம் 30 மி.மீ. கண்ணிக்கு வார்த்தது.

10 மி.மீ. சங்கிலியில் உலகத்தில் இரண்டு ஐரோப்பிய வழிச் சாதிகள் இருக்கின்றன. ஜெர்மானிய டி.ஐ.என். 766 அளவில் உள்நீளம் 28 மி.மீ.; ஐ.எஸ்.ஓ. 4565 அளவில் 30 மி.மீ. கடைக்காரர் இரண்டையும் '10 மில்லி' என்றே விற்பார், அது குற்றமும் இல்லை. கண்ணிக்கு இரண்டு மி.மீ. என்றால் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு இரண்டு கண்ணிகள். ஆக ஒரு குழிக்கு நான்கு மி.மீ., இரண்டாம் குழிக்கு எட்டு மி.மீ. பிந்துகிறது. காக்கை வேலியில் ஏறியது அதனால்தான். அமெரிக்க அங்குல அளவுச் சங்கிலிகள் வேறொரு குடும்பம். அவற்றிலும் ஒரே தடிமனில் குட்டைக் கண்ணி, நெட்டைக் கண்ணி என்று பிரிவுகள் உண்டு. மீன்பிடிப் படகுக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நெட்டைக் கண்ணிச் சங்கிலி விண்ட்லசுக்கு உதவவே உதவாது. நங்கூரத்தோடு கையால் போட்டு எடுப்பவர்களுக்கு அது போதும்.

எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. 30 மி.மீ. கண்ணியுள்ள 10 மி.மீ. சங்கிலி தேடி வாங்கலாம். அல்லது இருக்கிற சங்கிலிக்கு ஏற்ற ஜிப்சி வாங்கலாம். அல்லது சங்கிலி, ஜிப்சி இரண்டையும் மாற்றி 8 மி.மீ.க்கு இறங்கலாம். 8 மி.மீ.யில் இரண்டு அளவுகளும் 24 மி.மீ. உள்நீளத்தில் ஒத்துப்போகின்றன, இந்தத் தலைவலியே கிடையாது. எனக்கு மூன்றாவதில் கண். மச்சானுக்கு அது கொலைபாதகமாகப் பட்டது. "கனம்தானே படகைப் பிடிக்கிறது? சங்கிலி தரையில் கிடந்தால்தானே நங்கூரம் படுத்திருக்கும்?" என்று கேட்டார். அவர் அப்பா பினாங்குத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். வீட்டில் நங்கூரம் பற்றி யாரும் பேசினால் அவர் பேச்சுதான் கடைசிப் பேச்சு.

அவர் கேள்வி நியாயமானது. ஆகவே வாதாடாமல் கணக்குப் போட்டேன். எட்டு மீட்டர் ஆழம். அதில் அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், உயரமும் அடக்கம். 40 மீட்டர் சங்கிலி விட்டிருக்கிறோம். 10 மி.மீ. சங்கிலி மீட்டருக்கு ஏறக்குறைய 2.25 கிலோ, தண்ணீருக்குள் மிதப்பு விசை போக இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியும் தரையை விட்டு எழும்ப வேண்டுமானால் படகு கிடைமட்டமாக 190 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். 8 மி.மீ. சங்கிலி மீட்டருக்கு 1.4 கிலோ, அதே நீளத்துக்கு 117 கிலோ இழுப்பில் எழும்பிவிடும். இதுவரை மச்சான் பக்கம் வெற்றி.

இனி காற்றின் பக்கம். அமெரிக்கப் படகுத் தொழில் அமைப்பான ஏ.பி.ஒய்.சி. நங்கூரத்தின் மேல் விழும் பாரத்துக்கு ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. 35 அடிப் படகுக்கு 15 நாட் காற்றில் சுமார் 100 கிலோ, 30 நாட்டில் சுமார் 400, 42 நாட்டில் சுமார் 800. பாரத்தைக் கொஞ்சம் கூட்டியே காட்டும் அட்டவணை என்று சொல்வார்கள், இருக்கட்டும். இதன்படி 8 மி.மீ. சங்கிலி 16 நாட்டில் தரையை விடுகிறது, 10 மி.மீ. சங்கிலி 20 நாட்டில் தரையை விடுகிறது. 40 நாட் சுமத்ரா அடிக்கும்போது இரண்டும் கம்பிபோல விறைத்துத்தான் நிற்கும். அந்த நான்கு நாட் வித்தியாசத்துக்காக அணியத்தில் 56 கிலோவுக்குப் பதிலாக 90 கிலோ இரும்பைச் சுமக்கிறோம். முன்பாரம் கூடிய படகு அலையில் மூக்கைக் குத்திக் குத்தி எழும். பாய் விரித்து ஓடும்போது அது தெரியும். தாளைப் பார்த்த மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் மிச்சமாகும் எடையை நங்கூரத்தில் போடுவோம்" என்றார். இந்த முழு வேலையிலும் வந்த மிக நல்ல யோசனை அதுதான். 16 கிலோ நங்கூரம் 20 கிலோ ஆனது.

சங்கிலி விறைத்த பிறகு அலை அலையாக வரும் இழுப்பை வாங்கிக்கொள்ள ஏதாவது நீள வேண்டும். இரும்பு நீளாது. நைலான் கயிறு நீளும். ஆகவே சங்கிலியும் கயிறும் கலந்த இணைப்பு. எங்கள் கடலில் நீள அளவைக் கணக்கிடுவது எளிது: ஆறு மீட்டர் ஆழம், இரண்டரை மீட்டர் ஓதம் (கடல் ஏற்றம்) ஏறும், அணியம் நீர்மட்டத்துக்கு மேல் 1.2 மீட்டர், கூட்டினால் பத்துக்குக் கிட்டே. அதன் ஐந்து மடங்கு 50 மீட்டர், மோசமான இரவில் ஏழு மடங்கு 70. ஓதத்தையும் அணியத்தின் உயரத்தையும் கூட்ட மறப்பவர்கள்தான் பின்னிரவில் நகர்ந்துபோகிறார்கள். நாங்கள் 40 மீட்டர் சங்கிலி, 40 மீட்டர் கயிறு என்று முடிவு செய்தோம். சேற்றுத் தரை மட்டும் என்றால் 20 மீட்டர் சங்கிலியே போதும். எல்லை தாண்டித் தாய்லாந்தின் லீப்பே தீவுப் பக்கம் போனால் பவளப் பாறை. கயிறு பாறையில் தேய்ந்தால் கத்தியால் அறுத்ததுபோலப் போய்விடும். அங்கே தரையில் கிடப்பதெல்லாம் சங்கிலியாக இருக்க வேண்டும்.

சங்கிலியின் தரம் பற்றிச் சுருக்கமாக. தரம் 30 என்றால் கம்பி சதுர மி.மீட்டருக்கு 300 நியூட்டனில் அறும் என்று பொருள். தரம் 40 என்றால் 400. 8 மி.மீ. கண்ணியின் இரண்டு கால்களும் சேர்ந்து நூறு சதுர மி.மீ. ஆகத் தரம் 30 சங்கிலி சுமார் மூன்று டன்னில் அறும், தரம் 40 நான்கு டன்னில். அதில் கால் பங்கைத்தான் வேலைப் பாரமாக எடுக்க வேண்டும். அட்டவணையின் 800 கிலோவைத் தாங்க எங்களுக்குத் தரம் 40 வேண்டியிருந்தது. கண்ணிகளில் தர எண் குத்தியிருக்கிறதா என்று பார்த்து, சோதனைச் சான்றிதழோடு வாங்கினோம். எஃகுக் கடையில் பாரம் தூக்கும் தரம் 80 சங்கிலி இன்னும் பலமானது என்று காட்டினார்கள். அதற்குத் துத்தநாகக் குளியல் ஒத்துவராது. பூச்சில்லாமல் உப்புநீரில் போட்டால் துருதான். துருப்பிடிக்காத எஃகுச் சங்கிலி பளபளக்கும், படகின் முன்பக்கச் சங்கிலி அறையில் மேடு கட்டாமல் வழுக்கி விழும். ஆனால் நம் வெதுவெதுப்பான கடலிலும் காற்றோட்டமில்லாத சேற்றிலும் அது வெளியே காட்டாமல் உள்ளுக்குள் அரிபடும். துரு கண்ணுக்குத் தெரிகிற சங்கிலியையே நான் நம்புகிறேன்.

கயிறு வாங்கப் போனதுதான் வேடிக்கை. நம் பேச்சில் துணி காயப்போடும் கொடியிலிருந்து மாடு கட்டுவது வரை பிளாஸ்டிக்காக இருப்பதெல்லாம் 'நைலான் கயிறு'தான். கடையில் அதே பெயரில் ஒரு பச்சைக் கயிற்றை எடுத்துப் போட்டார்கள். விலை மலிவு, முறுக்கு அழகு. ஒரு சாண் துண்டு வாங்கி வாளித் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. மிதந்தால் அது நைலான் இல்லை, பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன். வெயிலில் நொறுங்கும், அவ்வளவாக நீளாது. தண்ணீர் மேல் மிதந்து அடுத்த படகின் விசிறியில் சுற்றும். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். அவற்றில் பாலியெஸ்டர் நீட்சி குறைந்தது. பாய் இழுக்க நல்லது, நங்கூரத்துக்கு வேண்டாம்.

நைலானிலும் இரண்டு. முப்புரிக் கயிறு விலை குறைவு, புரி பிரித்துப் பின்னுவது எளிது, ஆனால் நாளாக ஆக விறைத்துக்கொண்டு அறையில் சுருள் சுருளாக முரண்டு பிடிக்கும். எட்டுப் புரியைச் சதுரமாகப் பின்னிய கயிறு துணிபோல மடிந்து விழும், முறுக்கே ஏறாது. எங்கள் சங்கிலி அறை ஆழமில்லாதது. எட்டுப்புரியை எடுத்தோம், 14 மி.மீ. தடிமன். அது வலிமையைப் பார்த்து எடுத்த அளவு மட்டுமல்ல. புதிய ஜிப்சியில் 8 மி.மீ. சங்கிலியோடு 14 மி.மீ. கயிறு என்று எழுதியிருந்தது. மெல்லியதாக இருந்தால் சக்கரம் கவ்வாது, தடித்தால் பள்ளத்தில் இறங்காது. அறுபடும் பாரம் சுமார் நான்கு டன், சங்கிலிக்கு ஈடு. நனைந்தால் நைலான் பத்து, பதினைந்து சதவீதம் வலு இழக்கும் என்பதையும் சேர்த்தே பார்த்தோம்.

ஜிப்சியைக் கழற்றியது தனிக் கதை. வெண்கலக் கூம்பு தண்டில் இறுகிப்போயிருந்தது. இரண்டு நாள் எண்ணெய் விட்டு, எதிரெதிராக இரண்டு மர ஆப்புகளைச் செருகி, மாற்றி மாற்றித் தட்டித்தான் வெளியே வந்தது. வந்த வேகத்தில் சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் பிறைவடிவச் சாவி துள்ளி, சங்கிலி அறைக்குள் விழுந்தது. அதைத் தேட 90 கிலோ சங்கிலியையும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. கழற்றும் முன் கீழே ஒரு துண்டை விரித்திருந்தால் அந்த மதியம் மிச்சமாகியிருக்கும்.

கயிற்றையும் சங்கிலியையும் ஷாக்கிள் என்ற ஆணி பூட்டிய இரும்பு வளையம் போட்டு இணைத்தால் அது ஜிப்சியில் ஏறாது. கயிற்றின் புரிகளையே சங்கிலியில் பின்ன வேண்டும். முதலில் முனைகளைக் கடைசிக் கண்ணி வழியாக வளைத்து, கயிற்றுக்குள்ளேயே திரும்பச் செருகிப் பார்த்தேன். பாம்பு எலி விழுங்கியதுபோல ஒரு வீக்கம். தளத்திலிருந்து சங்கிலி அறைக்கு இறங்கும் குழாயில் சிக்கியது. பிரித்தேன். இரண்டாம் தடவை சங்கிலி நெடுகப் பின்னினேன். எட்டுப் புரிகளையும் முக்கால் மீட்டருக்குப் பிரித்து, பிரிந்த இடத்தில் மெழுகு நூலால் இறுகக் கட்டி, நான்கு நான்காக இரண்டு கட்டாக்கினேன். ஒரு கட்டு இடமிருந்து, மற்றது வலமிருந்து. கண்ணிக்குள் ஒன்றையொன்று கடந்து எதிர்ப்பக்கம் போகும். அடுத்த கண்ணியில் மறுபடியும் அப்படியே. கண்ணி கண்ணியாகப் பன்னிரண்டு கண்ணிகள். ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு கட்டுகளின் இழுப்பும் சமமாக இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும்; ஒன்று தளர்ந்தால் மற்றது முழுப் பாரத்தையும் வாங்கும். முடியும் இடத்தில் கண்ணிக்கால்களோடு சேர்த்து நூலால் கட்டினேன். முனைகளை நெருப்பில் காட்டி உருக்கும்போது அளவு முக்கியம். உருண்டையாக உருகவிட்டால் அது கண்ணாடிபோல இறுகி, பக்கத்துப் புரியை அறுக்கும், ஜிப்சியிலும் தடுக்கும். லேசாகச் சுட்டு, ஈர விரலால் தட்டையாக்கினேன். விரல் கொப்புளித்தது. ஈரத் துணி என்று ஒன்று இருக்கிறது.

மீதி வேலைகள் சில்லறை. நங்கூரத்தில் ஷாக்கிளை மட்டும் போட்டோம், சுழலி போடவில்லை. ஷாக்கிளின் ஆணியைக் கம்பியால் சுற்றிப் பூட்டினோம். கயிற்றின் கடைசி நுனியை அறைக்குள் வளையத்தில் நேரே பூட்டாமல் மெல்லிய கயிற்றால் கட்டினோம். அவசரத்தில் தளத்தின் மேல் நின்று கத்தியால் அறுத்துவிட்டு ஓடும் அளவுக்கு அது நீளம். பத்து மீட்டருக்கு ஒரு நிறத்தில் பிளாஸ்டிக் பட்டை. நின்றபின் பாரத்தை விண்ட்லசில் விடாமல், 12 மி.மீ. முப்புரி நைலானில் எட்டு மீட்டர் வெட்டி, ஒரு முனையைச் சங்கிலியில் கொக்கியால் மாட்டி மறுமுனையைத் தளத்தில் கயிறு கட்டும் கொம்பான கிளீட்டில் கட்டுகிறோம். விண்ட்லஸ் தூக்கத்தான், தாங்க அல்ல. 700 வாட் மோட்டார் 12 வோல்ட்டில் 60 ஆம்பியருக்குமேல் இழுக்கும் என்பதால், எஞ்சின் ஓடும்போதுதான் பொத்தானைத் தொடுகிறோம்.

அதே விரிகுடாவில் சோதித்தோம். 55 மீட்டர் விட்டு, பின்னோக்கி எஞ்சின் கொடுத்து இழுத்துப் பார்த்து, பிறகு ஏற்றினோம். கயிறு வந்தது, பின்னல் ஜிப்சியை நெருங்கியது. மூச்சை அடக்கிக்கொண்டு பொத்தானை விட்டுவிட்டு அழுத்தினேன். பன்னிரண்டு கண்ணிகளும் ஒரு சின்ன முனகலோடு ஏறிப்போயின. அதன் பின்னே சங்கிலி, ஒரு 'டங்'கும் இல்லாமல்.

ஒன்று மட்டும் சரியாகவில்லை. சங்கிலி தன் கனத்தால் அறைக்குள் விழுந்துகொள்கிறது. கயிற்றுக்கு அந்தக் கனம் இல்லை. ஜிப்சிக்குக் கீழேயே குவிந்து, குழாயை அடைத்துக்கொள்கிறது. ஆகவே கயிறு ஏறி முடியும் வரை ஒருவர் முன்னறையில் முழங்காலிட்டு, சேற்று நாற்றத்தோடு அதைக் கையால் இழுத்துக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கனத்தைக் குறைக்கச் சொன்னவன் நான்தான் என்பதால் அந்த வேலை எனக்கு என்று மச்சான் தீர்ப்பளித்துவிட்டார். பொத்தான் இப்போது அவர் கையில்.